பெல்பாஸ்ட் தீர்ப்பும் எமது சனிக்கிழமைச் சமய வகுப்பும்

கடந்த 2025 நவம்பர் 19ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று எம்மவர் மத்தியில் பெரிதாகப் பேசப்படவில்லை. அகதி விண்ணப்பம், விசா, வதிவிட உரிமை பற்றிய தீர்ப்பு என்றால் அன்றிரவே எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியிருக்கும். இது ஒரு சிறுமியின் சமயபாடம் பற்றிய வழக்கு. ஆனாலும் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டிய தீர்ப்பு இது என்பதே எமது எண்ணம்.

சம்பவம் மிகச் சிறியது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் அரச ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஒரு சிறுமி படித்தாள். தாய் தகப்பன் இருவரும் சமய நம்பிக்கை இல்லாதவர்கள். பாடசாலையில் பழகிய செபத்தைப் பிள்ளை வீட்டிலும் சாப்பாட்டுக்கு முன் சொல்லத் தொடங்கியது. 2019இல் பெற்றோர் பாடசாலைக்குக் கடிதம் எழுதினார்கள். சமயபாடமே வேண்டாம் என்பது அவர்களின் கோரிக்கை அல்ல. ஒரு சமயத்தை மட்டும் உண்மை என்று கற்பிக்காமல், நடுநிலையாகக் கற்பியுங்கள் என்றுதான் கேட்டார்கள். சட்டப்படிதான் நடக்கிறோம் என்று பாடசாலை பதில் அனுப்பியது. வழக்கு தொடங்கியது.

2022இல் பெல்பாஸ்ட் மேல் நீதிமன்றம் பெற்றோரின் பக்கம் தீர்ப்பளித்தது. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பாடத்திட்டம் ஒருபக்கம் சாய்ந்தது என்பதை ஏற்றுக்கொண்ட போதிலும், பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு இருப்பதால் உரிமை மீறல் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அதை மாற்றியது. மற்றப் பிள்ளைகள் இருக்க ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி வெளியே அனுப்பினால் அது அந்தப் பிள்ளையை அடையாளப்படுத்தி ஒதுக்கிவிடும், ஆகவே விலகும் உரிமை மட்டும் போதாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பாடத்திட்டத்தின் கருவை 2007இல் வரைந்து கொடுத்தவை வட அயர்லாந்தின் நான்கு பெரிய திருச்சபைகள் என்பதும் கவனிக்க வேண்டியது.

நீதிமன்றம் பாவித்த அளவுகோல் மூன்று சொற்கள்: புறநிலையாக, விமர்சன நோக்கோடு, பன்மைத்தன்மையோடு. இவை புதிய சொற்கள் அல்ல. 1976இல் டென்மார்க் பெற்றோர் சிலர் பாலியல் கல்விக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் முதலில் வகுத்த அளவுகோல் இது. நோர்வேயில் இருக்கும் எமது வாசகர்களுக்கு இதன் அடுத்த அத்தியாயம் நினைவிருக்கும். அந்நாட்டுப் பாடசாலைகளின் சமயபாடம் கிறிஸ்தவத்துக்கு அதிக இடம் கொடுக்கிறது என்று பெற்றோர் சிலர் வழக்காட, 2007 ஜூன் மாதம் அதே நீதிமன்றம் ஒன்பதுக்கு எட்டு என்ற ஒரு வாக்கு வித்தியாசத்தில் நோர்வே அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அங்கே பாடத்தின் பெயரும் உள்ளடக்கமும் மாறின. பின்னர் 2015இல் கிறிஸ்தவம் என்ற சொல் பாடத்தின் பெயருக்குள் திரும்பி வந்தது வேறு கதை.

இந்தச் சட்டம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், வீட்டையோ கோயிலையோ தேவாலயத்தையோ அல்ல. தங்கள் சமயத்தைத் தங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது என்பதே இந்த வழக்குகள் எல்லாவற்றினதும் அடித்தளம். ஆகவே எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் சமய வகுப்பை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. எம்மை உறுத்துவது வேறொன்று. அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளை, திங்கள் முதல் வெள்ளி வரை அந்த மூன்று சொற்களால் வளர்க்கப்படுகிற பிள்ளை.

இதை ஒரு பரீட்சைத் தாளை வைத்தே பார்க்கலாம். இங்கிலாந்தின் ஏ.கியூ.ஏ பரீட்சைச் சபையின் ஜி.சி.எஸ்.ஈ சமயக் கல்வித் தாளில் ஒவ்வொரு வினாத்தொகுதிக்கும் 24 புள்ளிகள். அதில் 12 புள்ளிகள் ஒரே கேள்விக்கு. ஒரு கூற்றைக் கொடுப்பார்கள். பிள்ளை அந்தக் கூற்றுக்கு ஆதரவாக நியாயம் சொல்ல வேண்டும், எதிராகவும் நியாயம் சொல்ல வேண்டும், பின்னர் தன் முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். தெரிந்ததை ஒப்புவிக்கும் கேள்விகளுக்கு மிச்சப் பாதி. அதாவது கேள்வி கேட்காத பிள்ளைக்கு இந்த நாட்டின் சமயபாடத்தில் அரைவாசிப் புள்ளி இல்லை.

நாம் யாழ்ப்பாணத்தில் எண்பதுகளில் எடுத்த சமயபாடத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். சைவப் பிள்ளைக்குச் சைவசமயம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம். மணி அடித்ததும் வகுப்பு மூன்றாகப் பிரியும். க.பொ.த சாதாரண தரத்தில் கட்டாய பாடம். நாயன்மாரின் பெயர், பிறந்த ஊர், செய்த தொண்டு, முத்தியடைந்த விதம். பாட்டைப் பாடமாக்கு, பொருளை எழுது. கேள்வி ஆசிரியருடையது, பதில் புத்தகத்தினுடையது, பிள்ளையின் வேலை இரண்டையும் இணைப்பது. நாம் சமயபாடத்தில் திறமைச் சித்தி பெற்றோம். பக்கத்து வகுப்பறையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று எமக்குத் தெரியாது, அவர்களுக்கும் எமது பாடம் தெரியாது. இன்றைக்கு ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் படிக்கும் எமது பிள்ளைக்கு ஐந்து தூண்கள் எவை என்று தெரியும், யூதரின் பஸ்கா தெரியும், சீக்கியரின் லங்கர் தெரியும்.

ஆகவே வீட்டில், "ஏன் அப்பா திருநீறு பூசவேணும்? அதுக்கு ஆதாரம் என்ன?" என்று பிள்ளை கேட்டால் அது வாய்காட்டுதல் அல்ல, வீட்டுப்பாடம். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட கருவி அது. நாம் அதை எதிர்ப்பேச்சு என்று எடுத்து அதட்டுகிறோம். "பெரியாக்கள் சொன்னாச் செய்" என்ற வசனத்துக்கு இந்த நாட்டில் பன்னிரண்டில் பூச்சியம்.

இந்தப் பிரச்சினை எமக்கு முதல் தடவை வந்ததும் அல்ல. 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் கால் வைத்து, 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடம் தொடங்கிய பிறகு, சைவ வீட்டுப் பிள்ளைகள் வேதப் பாடசாலையில் படித்துவிட்டு வந்து தாய் தகப்பனிடம் கேட்ட கேள்விகள் இன்றைய கேள்விகளுக்குக் குறைந்தவை அல்ல. கோயிலில் என்ன நடக்கிறது, புராணத்தில் இருப்பது நியாயமா என்று கேட்டார்கள். பெரும்பாலான பெற்றோரிடம் பதில் இல்லை. அந்த வெறுமையைக் கண்டவர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிசன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றி, விவிலிய மொழிபெயர்ப்பில் பங்கெடுத்தவர் அவர். எதிர்த்தரப்பின் முறையை உள்ளிருந்தே பார்த்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சுக்கூடம் வைத்தார், பாலபாடம் எழுதினார், சைவ வினாவிடை எழுதினார். வினாவும் விடையுமாகச் சமயம் சொல்வது மிசனரிமார் பிள்ளைகளுக்குக் கையாண்ட முறை. அதையே எடுத்துத் திருப்பிப் பாவித்தார். தன் காலத்துப் பிள்ளையின் கேள்விக்குத் தன் காலத்துக் கருவியால் பதில் சொன்னவர் என்ற வகையில் அவர் செய்தது பெரிய காரியம். சாதி விடயத்தில் அவர் தன் காலத்தைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பிள்ளைகள் இணையத்தில் அதை எப்படியும் வாசித்துவிடுவார்கள்.

எமது தவக்கம் எங்கே என்றால், 19ஆம் நூற்றாண்டின் கருவியை 21ஆம் நூற்றாண்டிலும் அப்படியே பாவிக்கிறோம். வினாவிடை நூலில் வினாவும் நாமே எழுதியது. அந்தப் பட்டியலில் இல்லாத வினாவைப் பிள்ளை கேட்கும்போது புத்தகம் மௌனமாகிவிடுகிறது. சனிக்கிழமை வகுப்புகளில் தொண்டாகக் கற்பிக்கும் அக்காமார், ரீச்சர்மாரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வாரம் முழுதும் வேலை செய்துவிட்டு, சம்பளம் இல்லாமல், வாடகைக்கு எடுத்த பாடசாலைக் கட்டடத்தில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் அவர்கள் வேறு என்ன செய்ய முடியும்? பஞ்சபுராணம் பாடமாக்குவிக்கத்தான் நேரம் போதும்.

பிள்ளைகள் கேட்பவற்றை ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டுவதுதான் நாம் கண்ட பெரிய குழப்பம். தேங்காய் ஏன் உடைக்கிறோம், பிள்ளையாருக்கு ஏன் தோப்புக்கரணம், வலமாக ஏன் சுற்றுகிறோம் என்பவை ஒரு வகை. இவற்றுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. "விஞ்ஞானம் இருக்கு" என்று யூரியூப்பில் பார்த்ததைச் சொல்வதுதான் ஆபத்து. கோயில் மணியின் அதிர்வலை மூளையைத் திறக்கும், நெற்றிப் பொட்டு நரம்பை அழுத்தும் என்று சொல்லிக் கொடுத்த பிள்ளை, பதினைந்து வயதில் பௌதிகவியல் படித்ததும் முதலில் அந்தப் பொய்யைக் கழற்றி எறியும். அதோடு சேர்த்து மற்றதையும் எறியும். தணிக்கையில் ஒரு பற்றுச்சீட்டு போலி என்று கண்டால் கணக்காய்வாளர் மற்ற எல்லாச் சீட்டையும் சந்தேகிப்பார். பிள்ளையும் அப்படித்தான்.

பணம் பற்றிய கேள்விகள் இன்னொரு வகை. "அர்ச்சனைக்கு ஏன் ரிக்கெற்?" "கோயில் உண்டியல் காசு எங்கே போகுது?" கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இந்தக் கேள்வி கோபத்தைத் தருவதில்லை. இங்கிலாந்தில் அறக்கட்டளையாகப் பதிந்த கோயில், நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் தன் ஆண்டறிக்கையை அறக்கட்டளை ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். மிகச் சிறியவை தவிர ஏனையவற்றின் கணக்கை அந்த ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடும். பிந்திக் கொடுத்திருந்தால் அதையும் அந்தப் பக்கம் காட்டும். சமய வகுப்பில் ஒரு நாள் அந்தக் கணக்கையே திறந்து, வரவு இவ்வளவு, ஐயர்மாரின் சம்பளம் இவ்வளவு, தாயகத்துக்கு அனுப்பிய உதவி இவ்வளவு என்று பிள்ளைகளோடு இருந்து பார்த்தால் என்ன? எந்த நிர்வாகம் அதற்குச் சம்மதிக்கும், எது பின்வாங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது வகைதான் கடினமானது. அவை அநீதி பற்றிய கேள்விகள். துடக்கு என்று சொல்லி மகளைக் கோயிலுக்கு வராதே என்கிறோம். பாடசாலையில் பாலினச் சமத்துவம் படித்த மகள், "தம்பியை ஏன் ஒருநாளும் நிற்கச் சொல்லேல்லை?" என்று கேட்கிறாள். திருமணப் பேச்சு வரும்போது, அதுவரை சமயம் பேசிய வீடு திடீரெனச் சாதி பேசுகிறது. எல்லாரும் சிவனின் பிள்ளைகள் என்று படிப்பித்த அதே வாய். 1957இலேயே கோயிலுக்குள் விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் வந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. இந்த வரலாற்றை எமது சமய வகுப்புப் புத்தகங்களில் நாம் காணவில்லை. பிள்ளைகள் எங்கே தெரிந்துகொள்கிறார்கள் என்றால், பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, வேறு யாரோ எழுதிய ஆங்கிலப் புத்தகத்தில். அப்போது அவர்கள் எம்மிடம் கேட்பது, "இதை ஏன் நீங்கள் சொல்லேல்லை?" என்பதுதான். அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதற்கும் பெறுமதி குறைவு.

எல்லாவற்றிலும் பாரமான கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. மே மாதம் வந்தால் பிள்ளைகளை நினைவேந்தலுக்குக் கூட்டிச் செல்கிறோம். முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிறோம். படங்களைக் காட்டுகிறோம். போரின் இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியதைச் சொல்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிச் சென்று, முருகன் கும்பிட்டவரைக் காப்பாற்றுவார் என்கிறோம். இரண்டையும் கேட்ட பிள்ளை, "அப்ப அந்தச் சனம் கும்பிடேல்லையா?" என்று கேட்காமல் விடுமா?

இந்தக் கேள்விக்கு எம்மில் பலர் சொல்லும் பதில் ஊழ்வினை. முற்பிறப்பில் செய்தது, இப்பிறப்பில் வந்தது. சைவ சித்தாந்தத்தில் கன்மம் என்பது ஆழமான கருத்து என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த இடத்தில், இந்தக் கேள்விக்கு, அந்தப் பதிலைப் பாவிக்கக் கூடாது என்பது எமது உறுதியான நிலைப்பாடு. பதுங்குகுழிக்குள் செத்த கைக்குழந்தை முற்பிறப்பில் ஏதோ செய்தது என்று சொன்னால், எறிகணையை ஏவியவனின் கணக்கிலிருந்து அந்தச் சாவை எடுத்து இறந்தவரின் கணக்கில் எழுதுகிறோம். பல வருடமாக ஜெனீவாவில் நீதி கேட்டு நிற்கும் சமூகம், தன் வீட்டு மேசையில் குற்றவாளியை விடுதலை செய்கிறது. பிள்ளை இந்த முரண்பாட்டைக் கண்டுகொள்ளும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே கேள்வி வேறு பெயரில் வருகிறது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது குண்டு விழுந்தது. கர்த்தரின் சித்தம் என்று சொல்லி அதை மூடிவிட முடியுமா? விவிலியத்தில் யோபு தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டு இறைவனோடு வாதாடுகிறான். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைத்தான் இறைவன் கடைசியில் கண்டிக்கிறார். எமது வட்ஸ்அப் குழுக்களின் அன்றாட ஆறுதல் மொழிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் பிள்ளைக்கு என்னதான் சொல்வது? எங்களுக்கும் தெரியாது, நாங்களும் அன்றைக்கு இதைத்தான் கேட்டோம் என்று சொல்லலாம். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது ஆயிரக்கணக்கான சனம் நல்லூர்க் கோயிலில்தான் தஞ்சம் புகுந்திருந்தது. அங்கே இருந்தவர்களில் எல்லோரும் அந்த நேரம் பக்தியோடு இருந்தார்கள் என்றில்லை. சிலர் முருகனைத் திட்டினார்கள். திட்டியவர்களும் அந்த மண்டபத்தில்தான் படுத்தார்கள். இதைப் பிள்ளைக்குச் சொன்னால் சமயம் குறைந்துவிடாது. கோயில் என்பது நம்பியவனுக்கு மட்டும் கட்டிய இடம் அல்ல என்று அதற்குப் புரியும்.

எமது பழைய கதைகளும் நாம் நினைப்பதைவிடக் கேள்விக்கு இடம் கொடுத்தவை. நக்கீரர் சிவனோடு வாதாடியதைத் திரைப்படத்தில் பார்த்துக் கைதட்டுகிறோம், வீட்டில் பிள்ளை வாதாடினால் கதவை அடிக்கிறோம். சுந்தரர், சபதத்தை மீறிக் கண்பார்வையை இழந்தபோது, அடங்கிப்போய் இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய் இறைவனோடு சண்டை பிடித்து, காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மற்றக் கண்ணையும் வாங்கினார் என்கிறது பெரியபுராணம். சிவவாக்கியரைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். நட்ட கல்லைச் சுற்றுவதைக் கேலி செய்த ஒருவரைச் சித்தர் என்று வைத்துக் கும்பிடும் மரபு எம்முடையது என்பதே அதற்கு ஆச்சரியமாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எமக்கு இன்று தேவையான கதை அப்பருடையது. சூலை நோய், சுண்ணாம்புக் காளவாய், கல்லில் கட்டிக் கடலில் போட்டது, கல் மிதந்தது என்று அற்புதங்களைப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். ஆனால் மருணீக்கியார் என்ற அந்த இளைஞன் வீட்டுச் சமயத்தில் திருப்தி இல்லாமல் சமணத்துக்குப் போனவர். சும்மா எட்டிப் பார்க்கவில்லை, அங்கே தருமசேனர் என்று பெயர் பெற்ற தலைவராகவே இருந்தார். தாய் தகப்பன் இல்லாத அவருக்கு இருந்தது அக்கா திலகவதியார் மட்டும். அக்கா திருவதிகையில் கோயில் வாசலைக் கூட்டி, மெழுகி, பூப்பறித்துத் தன் வழியில் இருந்தார். தம்பியைச் சபிக்கவில்லை, உறவை வெட்டவில்லை, முகநூலில் திட்டவில்லை (அன்று முகநூல் இல்லை என்பது வேறு). தம்பி நோயோடு வந்து நின்றபோது, ஏன் போனாய் என்று விசாரணை வைக்காமல் திருநீற்றைக் கொடுத்தார். இன்று சமயத்தை விட்ட மகனையும், வேறு சபையில் சேர்ந்த மகளையும் வீட்டுக்கு வராதே என்று சொன்ன குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அந்தக் குடும்பங்களின் பூசையறைகளிலும் அப்பர் படம் மாட்டியிருக்கிறது.

போன பிள்ளை எல்லாம் அப்பரைப் போலத் திரும்பி வரும் என்று நாம் சொல்ல வரவில்லை. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37.2 சதவீதமானோர் தமக்குச் சமயம் இல்லை என்று எழுதினார்கள். பத்து வருடத்துக்கு முன் அது 25.2 சதவீதம். எமது பிள்ளைகளும் அந்த வகுப்பறைகளில்தான் இருக்கிறார்கள். சட்டமும் அவர்களின் பக்கம் நகர்கிறது. ஜேர்மனியில் 1921ஆம் ஆண்டின் சட்டப்படியே 14 வயதில் பிள்ளை தன் சமயத்தைத் தானே தீர்மானிக்கலாம். நோர்வேயில் 15, சுவிற்சர்லாந்தில் 16. இங்கிலாந்துப் பாடசாலைகளில் பதினாறுக்கு மேல் உயர்தர வகுப்பில் படிப்பவர் கூட்டு வழிபாட்டிலிருந்து தானே விலகிக்கொள்ளலாம். எமக்குக் கிடைக்கும் காலம் பிறந்ததிலிருந்து பதினான்கு, பதினைந்து வருடம். அதில் முதல் ஐந்தாறு வருடம் பிள்ளை கேள்வி கேட்காது, கும்பிடு என்றால் கும்பிடும். மிச்சம் எட்டு வருடம்தான். அந்த எட்டு வருடத்தையும் அதட்டலில் கழிக்கிறோமா என்பதை ஒவ்வொரு வீடும் பார்க்க வேண்டியது.

இந்தப் பயத்துக்குள் பேசப்படாத இன்னொரு பயம் இருக்கிறது. நாம் செத்தால் யார் கிரியை செய்வது? நம்பிக்கை இல்லாத பிள்ளை கொள்ளி வைக்குமா, அந்தியேட்டி செய்யுமா, ஆண்டுத் திவசம் நினைவிருக்குமா? ஐம்பதைத் தாண்டிய எமது வயதுக்காரர் பலரின் மனதில் சமயக் கல்வி என்றால் உள்ளே ஓடுவது இதுதான். ஆனால் ஊரில் பெண்களைச் சுடலைக்கு விடாத நாம், இங்கே மின்தகன நிலையத்தில் மகளைக் கொண்டு பொத்தானை அழுத்துவிக்கிறோம். ஐயரும் தடுக்கவில்லை. தேவை வந்தபோது முறை வளைந்தது. துடக்கிலும் சாதியிலும் மட்டும் அது வளையாது என்று சொல்லும்போது பிள்ளை எம்மை ஒரு மாதிரிப் பார்க்கிறது.

பாடசாலைப் பக்கத்துக்கு வருவோம். சில பெற்றோர், பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ பாடசாலை கூட்டிச் செல்லும் நாளில் பிள்ளையை விலக்கலாமா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் சட்டப்படி விலக்கலாம், காரணமும் சொல்லத் தேவையில்லை. ஆனால் விலக்கப்படும் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதைத்தான் பெல்பாஸ்ட் தீர்ப்பு விரிவாகச் சொல்லியிருக்கிறது. விலக்காதீர்கள். அதே நேரம், நல்ல பாடசாலை என்று பிள்ளையைக் கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்த்து, அது கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னால் விருந்தினர் முன்னிலையில் பெருமைப்படும் சைவப் பெற்றோரும் எம்மில் உண்டு. பெல்பாஸ்ட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள், நாம் காணொளி எடுத்தோம். மிசன் கல்லூரிகளில் படித்த பரம்பரை அல்லவா!

விலக்குவதைவிடப் பிரயோசனமான வேலை ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இந்து சமயம் என்று வருவதில் பெரும்பகுதி வட இந்திய மரபு. தீபாவளி என்றால் இராமர் அயோத்திக்குத் திரும்பிய நாள். நரகாசுரன் கதை கேட்டு வளர்ந்த எமது பிள்ளை வகுப்பில் குழம்புகிறது. முருகன் பெரும்பாலும் இல்லை, நாயன்மார் இல்லை, சைவ சித்தாந்தம் இல்லை. "நாங்கள் ஹிந்துவா, சைவமா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வீட்டுக்கு வருகிறது. இங்கிலாந்தில் சமயபாடம் கட்டாயமாக இருந்தும் தேசிய பாடத்திட்டத்துக்குள் இல்லை. ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதியும் தனக்கென்று ஒரு பாடத்திட்டத்தை ஏற்றுக்கொள்கிறது. 2025 நவம்பரில் வெளியான பாடத்திட்ட மீளாய்வு அறிக்கை, சமயபாடத்தைப் படிப்படியாகத் தேசிய பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரச் சிபாரிசு செய்திருக்கிறது. எது சேரும், எது விடுபடும் என்பது அடுத்த சில வருடத்தில் முடிவாகும்.

அதுவரை ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதியிலும் சமயக் கல்விக்கான ஆலோசனைச் சபை ஒன்று இயங்கும். கிறிஸ்தவ சபைகளோடு ஏனைய சமயத்தவர்க்கும் அதில் பிரதிநிதித்துவம் உண்டு. அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, யாரும் போய் இருக்கலாம். தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடும் ஊர்களில் கூட அந்தக் கூட்டத்துக்கு எம்மவர் போவது அரிது. போகும்போது பதினாறு வயதுப் பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று உங்களைவிட அதற்குத் தெரியும். அடுத்த கூட்டத்தின் திகதி உங்கள் மாநகர சபையின் இணையத்தளத்தில் இருக்கும்.